தம்பியின் காலும் 312 கமெண்டுகளும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பர்மாவில் பெகு பக்கத்து வயல் கிராமம் எங்களுடையது. போன நவம்பரில் அறுப்பு நடந்தபோது என் தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது. என் மகன் காலைப் போட்டோ எடுத்து, “என்ன செய்வது, உடனே சொல்லுங்கள்” என்று நம் ஜனங்கள் இருக்கும் பேஸ்புக் குரூப்பில் போட்டான். 312 கமெண்ட் வந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நாங்கள் கிளம்பும்போது இரவு எட்டு தாண்டிவிட்டது. தம்பி பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் வரை போய் வந்தான். பழைய தெம்பு இன்னும் வரவில்லை. ஊரில் எல்லோரும் என் மகனைத் திட்டுகிறார்கள். “கிராமத்து ஜனங்களுக்கு அறிவு கிடையாது” என்று ஒரு கூட்டமும், “ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் கிட்னி போச்சு” என்று ஒரு கூட்டமும் குரூப்பில் இன்னும் சண்டை போடுகின்றன. போன மாதம் அதே போட்டோ தமிழ்நாட்டிலிருந்து சுற்றி எங்களுக்கே வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவர் மூலிகையில் பிழைத்தார் என்று அதில் எழுதியிருந்தது. என் மகன் செய்தது தப்பா? குரூப்பை மூடச் சொல்லலாமா?
(பெயர் வேண்டாம், பெகு)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகனைத் திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இருட்டப் போகிற நேரம், மாமன் காலில் இரண்டு பல் பதிந்திருக்கிறது, பையன் கையில் இருப்பது போன் ஒன்றுதான். என் சிறு வயதில் வயலில் இப்படி ஆனால் வரப்பில் ஏறி நின்று கூவுவார்கள். அவன் பேஸ்புக்கில் கூவினான். யார் காதில் விழுந்தது, யார் வாய் திறந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். மூன்று கிளாஸ் லாப்பெயே, அதாவது நம்மூர் டீ, ஆறிப்போனது. பாதிக்கு மேல் கும்பிட்ட கைகள், அழுகிற முகங்கள், “அம்மன் காப்பாத்துவா”. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அக்கம்பக்கத்தார் வந்து திண்ணையில் உட்காருவது மாதிரிதான். மீதியில் வைத்தியம். முழங்காலுக்கு மேல் கயிற்றால் இறுக்கச் சொன்னார் ஒருவர், கட்டவே கூடாது என்றார் அடுத்தவர். பிளேடால் கீறச் சொன்னார்கள். கோழிக்குஞ்சின் பின்புறத்தைக் கடிவாயில் வைக்கச் சொன்னார்கள். சிறியாநங்கை இலையை மென்று விழுங்கச் சொன்னார்கள். பாம்பை அடித்துக் கையோடு எடுத்துப் போங்கள் என்று ஒருவர் எழுதப்போய், உங்கள் ஆட்கள் நாலு பேர் டார்ச் லைட்டோடு அரை மணி நேரம் வைக்கோலைக் கிளறினார்களாமே! இன்னொரு ஆள் கடிபட்டிருந்தால்? 108-க்கு போன் போடச் சொன்னவர்கள் மட்டும் பதினொரு பேர். அது தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் எண் அம்மா. பெகு வயலில் நின்று 108 அடித்தால் யார் எடுப்பார்கள்?

எல்லாவற்றுக்கும் கீழே, பர்மிய மொழியில் இரண்டு வரி. மாலை 6.20 என்று நேரம் இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பையன் போலிருக்கிறது. “மதியம் அக்காவைக் காட்ட ஸ்டேஷன் ஆஸ்பத்திரிக்கு (கிராமத்துச் சின்ன அரசு ஆஸ்பத்திரி) போயிருந்தேன். பாம்புக்கடி ஊசி இருக்கிறது என்று சயாமா (நர்ஸம்மா) சொன்னதைக் கேட்டேன். எங்கள் சம்பான் படகில் எஞ்சின் இருக்கிறது, வரட்டுமா?”

ஒரு லைக் இல்லை. ஒரு பதில் இல்லை. நீங்கள் யாரும் அதைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன், பார்த்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். பேஸ்புக் தானாகக் கமெண்டுகளை நேர வரிசையில் காட்டாது. லைக்கும் பதிலும் அதிகம் வாங்கியதை மேலே தூக்கி வைக்கும். கோழிக்குஞ்சு வைத்தியத்துக்கு ஆட்கள் சிரித்தும் திட்டியும் வரிசையாகப் பதில் போட்டதால் அது உச்சியில் ஏறி நின்றது. சம்பான் பையன் அடியில் கிடந்தான். 8.10-க்கு நீங்கள் டிராலி வண்டி பிடித்துச் சுற்றுப்பாதையில் போயிருக்கிறீர்கள்.

முந்நூற்றுச் சொச்சத்தில் அந்த ஒன்றில் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். தான் கண்டதைச் சொன்னான். எந்த இடம், எந்தப் பொழுது என்று சொன்னான். தன்னால் என்ன ஆகும் என்று சொன்னான். மற்றவர்கள் எங்கோ கேட்டதைச் சொன்னார்கள், அதுவும் பெகுவையே பார்க்காதவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள்.

பர்மாத் தமிழர் வீடுகளில் இது இரட்டைத் தொல்லை. கோயில் வகுப்பில் தமிழ் படித்த பெரியவர்களுக்கு ஆரோக்கியச் செய்தி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ரங்கூனிலிருந்தும் மாண்டலேயிலிருந்தும் வருகிறது. 2020-ல் கொரோனா வந்தபோது ஒரே வீட்டில் பாட்டி கபசுரக் குடிநீர் காய்ச்சச் சொன்னாள். பேரன், ஒரு பிக்கு சொன்னாராம் என்று எலுமிச்சை ஒன்று, பனங்கொட்டை மூன்று தேடிப் போனான். இரண்டு பேருக்கும் அவரவர் போனில் ஆதாரம் இருந்தது. அவர்கள் கிராமத்தில் அன்றைக்கு யாருக்குக் காய்ச்சல் என்பது மட்டும் இரண்டு போனிலும் இல்லை.

பாம்பு விஷயத்தில் இந்த இரவல் அறிவு இன்னும் ஆபத்து. நம் வயலில் ஆளைக் கொல்லும் ம்வே ப்வேயைத் தமிழில் கண்ணாடிவிரியன் என்றே சொல்கிறோம். தமிழ்நாட்டிலும் கண்ணாடிவிரியன் உண்டு. பார்வைக்கு அண்ணன் தம்பி, ஆனால் இனம் வேறு, விஷத்தின் போக்கும் வேறு. இந்தியாவில் செய்யும் ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்வது. சென்னைக்குத் தெற்கே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடித்த பாம்புகளின் விஷம் அதற்குப் போகிறது. அந்த ஊசியை நம் ம்வே ப்வே கடிக்கு நம்பி இருக்க முடியாது. இங்கே ரங்கூனில் இன்செயின் பகுதியில் இருக்கும் பர்மா மருந்துத் தொழிற்சாலை ம்வே ப்வேக்குத் தனியாக, நாகத்துக்குத் தனியாக ஊசி செய்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி ஊசி வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று உங்கள் குரூப்பில் ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். நல்ல மனசு. தயவுசெய்து வேண்டாம். அது ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற வேண்டியது. ஒவ்வாமை வந்தால் உடனே பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி, “ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் கிட்னி போச்சு” என்கிற கூட்டம். இதற்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் அறுப்பு மாதங்களில் மேசை ஓரத்தில் சுத்தமான கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்திருப்போம். கடிபட்டவர் வந்ததும் நரம்பிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஒரு குழாயில் விட்டு அசைக்காமல் நிறுத்துவோம். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது, கணக்குத் தப்பிவிடும். 20 நிமிடம். சுவர்க்கடிகாரத்தை நானும் பார்ப்பேன், நர்ஸும் பார்ப்பார், வாசலில் நிற்கும் குடும்பம் எங்கள் இருவரையும் பார்க்கும். நேரமானதும் குழாயை ஒரு தடவை சாய்ப்போம்.

ரத்தம் தயிர் மாதிரி உறைந்து நின்றால் மூச்சு விடுவோம். வேறொரு நாள் வெறும் தண்ணீர் மாதிரி சிவப்பாக விளிம்பு வரை ஓடி வரும். அப்படி ஓடினால் விஷம் உடம்பில் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ம்வே ப்வே விஷம் ரத்தம் உறைவதற்கான சரக்கையெல்லாம் உள்ளேயே செலவழித்துவிடும். சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் அடைப்பு, ஈறிலும் சிறுநீரிலும் கசிவு, அடுத்து சிறுநீரகம். ஊசி, ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைப் பிடிக்கும். அதற்குள் அடிபட்ட சிறுநீரகத்தை அது திருப்பித் தராது. உங்கள் தம்பி போய்ச் சேர்ந்தபோதே ஈறில் ரத்தம் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அவர் கிட்னியைக் கெடுத்தது விஷமும் தாமதமும். டயாலிசிஸ்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியது. இவர்கள் காலண்டரைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறார்கள்.

“கிராமத்து ஜனங்களுக்கு அறிவு கிடையாது” என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இன்னும் குறைவு. ரங்கூனில் ஏசி அறையில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். உங்கள் கடிதத்தில் இங்கே அச்சிடாத பகுதியை அவர்கள் படித்திருந்தால் தெரியும்: மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இல்லை, பக்கத்து வீட்டில் கடன் கேட்டிருக்கிறீர்கள். இருட்டிய பிறகு வழியில் நிறுத்திக் கேட்பார்களே என்ற பயம். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும் என்று நெல் வியாபாரியைத் தேடி ஒருவர் போயிருக்கிறார். அறிவில்லாதவர் செய்கிற காரியமா இது? 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எத்தனை சுகாதார நிலையங்களில் ஆள் குறைந்துபோனது என்பது நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். இந்த அறிவுக் கூட்டத்துக்குச் சித்தப்பா பிள்ளைகள் மாதிரி இன்னொரு கூட்டம் உண்டு, “கிராமத்தில் ஏது நோய், நல்ல காற்று, கைக்குத்தல் அரிசி” என்று பச்சை வயல் படத்தோடு போடுகிறவர்கள். அந்தப் பச்சைக்குள்தான் ம்வே ப்வே படுத்திருக்கிறது.

நான் மட்டும் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மழைக்காலத்தில் “இன்ன ஊர் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து வந்திருக்கிறது” என்ற போஸ்டை நான் ஷேர் செய்தேன். ஐராவதி டெல்டா பக்கத்து ஊர். நல்ல செய்திதானே என்று தேதியைப் பார்க்கவில்லை. அது முந்தின வருடத்துப் போஸ்ட். இரண்டு வாரம் கழித்து ஒரு குடும்பம் பதினாலு வயதுப் பையனைப் படகில் ஏற்றி, கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, அங்கே போயிருக்கிறது. பிரிட்ஜ் காலி. விடியற்காலையில் திரும்ப வேறு ஊருக்கு ஓட்டம். பையன் பிழைத்துக்கொண்டான். பிறகு அவன் தாயைச் சந்தித்தேன். கோபப்படவே இல்லை. “டாக்டர் போட்டதாச்சேன்னு போனோம்” என்றாள். அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு, இன்று காலை நானே போன் செய்து கேட்காத எதையும் ஷேர் செய்வதில்லை. அதனால் ஷேர் செய்வதே அபூர்வம் ஆகிவிட்டது.

குரூப்பை மூடச் சொல்ல வேண்டாம். நர்கிஸ் புயல் அடித்த 2008 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது ஒரு சிம் கார்டு வாங்குவது தங்கம் வாங்குவது போல. டெல்டாவில் எந்தக் கிராமத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது படகு வந்து சொன்னால்தான் உண்டு. 2014-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1500 கியாட்டுக்கு சிம் விற்ற பிறகுதான் வயல் வேலைக்காரன் கையிலும் போன் வந்தது. 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கைத் தடை செய்த பிறகும் ஜனங்கள் விபிஎன் போட்டு அங்கேயே இருக்கிறார்கள். அந்த வருடம் ஜூலையில் கொரோனா மூன்றாம் அலையில் மூச்சுத் திணறியபோது, “இன்ன இடத்தில் இப்போது ஆக்சிஜன் நிரப்புகிறார்கள், வரிசை இவ்வளவு நீளம், இந்த அளவு சிலிண்டர்தான் எடுக்கிறார்கள்” என்ற மாதிரிப் போஸ்டுகளைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன், என் மனைவிக்காக. இடமும் நேரமும் இருந்த போஸ்ட்கள் கைகொடுத்தன. “யாராவது உதவுங்கள், ஷேர் செய்யுங்கள்” என்று மட்டும் இருந்தவை மூன்று நாள் கழித்தும் சுற்றிக்கொண்டிருந்தன, ஆள் போன பிறகும்.

ஆகவே பெரிய குரூப் அரட்டைக்கும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அப்படியே இருக்கட்டும். அட்மினிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: யாராவது அவசரம் என்று போட்டால், உபயோகமான கமெண்ட் ஒன்று வந்ததும் மற்றவர்கள் எழுத முடியாதபடி கமெண்டை மூடிவிட வேண்டும், அந்த ஒன்றை மேலே கொண்டுவர வேண்டும். ஓடையின் இரண்டு கரையிலும் இருக்கிற நாலைந்து கிராமத்துக்குத் தனியாகச் சின்ன குரூப் ஒன்றை உங்கள் மகனே ஆரம்பிக்கட்டும். சம்பான் பையனை முதலில் சேர்க்கட்டும். அதில் வைத்தியம் பேசக்கூடாது. யாரிடம் படகு, யாரிடம் பெட்ரோல், எந்த நிலையத்தில் இன்று சயாமா இருக்கிறார், ஊசி இருக்கிறதா, இதைக் கண்டவர் தேதியும் மணியும் போட்டு எழுத வேண்டும். கேள்விப்பட்டவர் எழுதக்கூடாது. அறுப்புக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை ஒருவர் ஸ்டேஷன் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து ஊசி இருப்பைக் கேட்டுப் போடட்டும். அந்த ஊசி பெரும்பாலும் பிரிட்ஜில் இருக்க வேண்டிய சரக்கு, மின்சாரம் இல்லாத ஊரில் இன்று இருப்பது நாளை இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதே எண்களைக் கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில், பர்மியத்திலும் தமிழிலும் எழுதி, கோயில் மண்டபத்திலும் லாப்பெயே கடையிலும் ஒட்டுங்கள். லைன் இல்லாத இரவில் அட்டை பேசும்.

கடிபட்டவருக்குச் செய்ய வேண்டியதை அந்த அட்டையின் அடியில் எழுதலாம், நாலு வரிதான். படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மெட்டி, மோதிரம், இறுக்கமான துணியைக் கழற்றுங்கள். காலை மூங்கில் சிம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள், ஆனால் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிற மாதிரி கயிறு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். வலிக்கு ஊசி போடுகிறேன் என்று கடைக்காரர் வந்தால் விடாதீர்கள். ரத்தம் உறையாத உடம்பில் குத்திய இடமெல்லாம் உள்ளே ரத்தம் கசிந்து வீங்கிப் போகும், அந்த வலி மருந்துகளில் சில சிறுநீரகத்துக்கே சத்துரு. கடிவாய் மேல் மடித்த துணித் திண்டு வைத்துக் கட்டுகிற முறை ஒன்று உண்டு. பர்மாவிலேயே சோதித்துப் பார்த்தது. அதை உங்கள் சயாமாவிடம் நேரில் காட்டச் சொல்லிப் பழகுங்கள், என் எழுத்தைப் படித்துச் செய்ய வேண்டாம்.

போட்டோ விஷயம். தம்பியின் கால் தம்பியுடையது, அவரைக் கேட்காமல் போட்டது மட்டும்தான் உங்கள் மகன் செய்த பிழை. அவசரத்தில் போட்டால்கூட, ஆள் ஆஸ்பத்திரி சேர்ந்ததும் எடுத்திருக்க வேண்டும். இந்தப் பிழையை என் தொழில்காரர்களும் தினமும் செய்கிறார்கள், வெள்ளைக் கோட்டோடு நோயாளியின் புண்ணுக்குப் பக்கத்தில் நின்று. உங்கள் மகன் பழைய போஸ்டை இன்றே அழிக்கட்டும். தஞ்சாவூர்க் கதையோடு வந்ததை யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே, “இது என் மாமா, பெகு, போன நவம்பர், பிழைத்தது ஊசியாலும் டயாலிசிஸாலும்” என்று தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். பேஸ்புக்கில் கண்ட இடத்தில் ரிப்போர்ட் செய்யட்டும். எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. அந்தக் காலைப் பார்த்து யாரோ ஒருவர் இலையைத் தேடாமல் வண்டியைத் தேடினால் சரி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குரூப் சண்டையில் எல்லோரும் தம்பியின் காலைப் பேசினார்கள், கிட்னியைப் பேசினார்கள். “பழைய தெம்பு இன்னும் வரவில்லை” என்று நீங்கள் எழுதிய நாலு வார்த்தையை யாரும் பேசவில்லை. ம்வே ப்வே கடியில் பிழைத்தவர்களில் சிலருக்கு மூளை அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பட்டுப்போகும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போன சில பெண்களுக்கு ஆவது போலவே. பர்மா நோயாளிகளைப் பார்த்து எழுதிய அந்த ஆய்வு 1987-ல் லான்செட் இதழில் வந்தது. ரத்தத்தில் கார்டிசால், தைராய்டு ஹார்மோன்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாத்திரையில் சமாளிக்கலாம், ஆனால் கவனிக்காமல் விட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலில் ஆள் சரிந்துவிடுவார். சிறுநீரக டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் சோதனையோடு இதையும் கேளுங்கள்.

அதற்கு முன் தம்பியிடம் நீங்களே கேட்டு எனக்கு எழுதுங்கள்: எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்கிறதா, முன்பு வாரத்துக்கு எத்தனை தடவை சவரம் செய்வார், இப்போது எத்தனை தடவை. போட்டோ வேண்டாம்.